சன்ரைஸ் செட்டோ: டோக்கியோவிலிருந்து தகமட்சுவுக்குப் படுத்துக்கொண்டே

டோக்கியோவில் இரவு 9.50க்குக் கிளம்பும் சன்ரைஸ் ரயிலில் ஏறி, காலை 7.27க்கு ஷிகோக்கு தீவில் இருக்கும் தகமட்சுவில் இறங்கினேன். ஜப்பான் போகிறவர்கள் ஒரு ராத்திரியை இதற்காக ஒதுக்கிவிடுங்கள். அந்த நாட்டில் வழக்கமான கால அட்டவணையில் ஓடும் படுக்கை ரயில் இப்போது இது ஒன்றுதான். முன்பெல்லாம் 'ப்ளூ ட்ரெயின்' என்று நீலப் பெட்டிகளோடு நாலா திசையிலும் ஓடின. ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் 1975-ல் கியூஷு தீவின் ஹகாட்டா வரை நீண்டது, விமானமும் இரவுப் பேருந்தும் ஆட்களை இழுத்துக்கொண்டன, ஒவ்வொன்றாக நின்றுபோயின. டோக்கியோவிலிருந்து கியூஷு போய்க்கொண்டிருந்த கடைசி வண்டி 2009-ல் நின்றது. வடக்கே ஹொக்கைடோ போன ஹொக்குதோசெய் 2015-ல்.

சன்ரைஸ் 1998-ல் வந்தது. பழைய வண்டிகளைத் தனி எஞ்சின் இழுத்தது. இதில் மோட்டார் பெட்டிகளுக்கு அடியிலேயே இருப்பதால் கிளம்பும்போது அந்தக் குலுக்கல் இல்லை. உட்புறத்தை மிசாவா ஹோம் என்ற வீடு கட்டும் நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்திருக்கிறார்கள், அது பார்த்தாலே தெரிகிறது, மரநிறச் சுவரும் மஞ்சள் வெளிச்சமுமாக ஏதோ வீட்டு மாடியறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது.

நான் எடுத்தது 'சிங்கிள்' அறை, மேல் தளம். ஜன்னல் கூரைப் பக்கம் வளைந்து ஏறுகிறது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் வானம் தெரியும். யோகோஹாமா வருவதற்குள் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு லோக்கல் ரயில் கூடவே வந்தது, கோட் போட்டவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தூங்கி வழிந்தபடி நிற்கிறார்கள், நானோ அவர்கள் கொடுத்த இரவு உடையில் போர்வைக்குள் இருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்துக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

குளிக்க ஷவர் அட்டை வாங்க வேண்டும், 6 நிமிடம் தண்ணீர் வரும். எத்தனை வினாடி மிச்சம் என்று திரையில் ஓடிக்கொண்டே இருக்கும், சோப்பு போடும்போது நிறுத்திவைக்கலாம். அட்டைகள் கொஞ்சம்தான், ஏறியதும் முதல் வேலையாக வாங்கிவிடுங்கள். சாப்பாட்டுப் பெட்டி கிடையாது, குளிர்பான இயந்திரம் மட்டுமே. ஆகவே டோக்கியோ ஸ்டேஷனிலேயே எகிபென் என்ற ரயில் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். செலவைக் குறைக்க 'நொபிநொபி' இருக்கிறது: கம்பளம் விரித்த தரையில் வரிசையாகப் படுக்க வேண்டும், படுக்கைக் கட்டணம் இல்லை. தலையணையும் இல்லை, தரை கொஞ்சம் கெட்டி. எதுவானாலும் ஒரு மாதம் முன்னால் காலை 10 மணிக்கு முன்பதிவு திறந்ததுமே முயற்சி செய்யுங்கள்.

காலை 6.27க்கு ஒகயாமா. அங்கே 14 பெட்டிகளும் ஏழேழாகப் பிரிந்து, முன்பாதி தகமட்சுவுக்கும் பின்பாதி இசுமோவுக்கும் போகின்றன. அதைப் பார்க்க எல்லாரும் பிளாட்பாரத்துக்கு ஓடுகிறார்கள். நானும் ஓடினேன். முன்பாதிக்காரர்களுக்கு நாலே நிமிடம், ஜாக்கிரதை.

அப்புறம் செட்டோ பெரும்பாலம். தண்டவாளத்துக்குக் கீழே கடல், சின்னச் சின்னத் தீவுகள், காலை வெயிலில் போகும் கப்பல்கள். 1988 வரை இந்தப் பாலம் கிடையாது, ரயில் உனோ துறைமுகத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து படகுதான், அதன் மேல்தளத்தில் விற்ற உடோன் நூடுல்ஸை இன்னும் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். ஆனால் அதே கடலில்தான் 1955-ல் ஷியுன் மாரு படகு பனிமூட்டத்தில் மோதி மூழ்கி 168 பேர் போனார்கள், அதில் பள்ளிப் பிள்ளைகள் நிறைய. பாலம் வேண்டும் என்ற குரல் அதற்குப் பிறகுதான் ஓங்கியது. இதைத் தெரிந்துகொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்ததால் அந்தப் பத்து நிமிடமும் நான் கேமராவைத் தொடவே இல்லை.