முன்பணம் கேட்கவில்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள்: டைப்பிங் வேலை மோசடி

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கம் வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி வேலை தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘ஃபார்ம் ஃபில்லிங்’ வேலை என்று வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு விளம்பரம் இப்போதும் சுற்றுகிறது. என்னிடம் 3,500 ரூபாய் பறித்தது அதுதான்.

பெரிய வேலைத் தளங்களில் எங்கள் பக்கத்துக்கு ஒன்றும் தேறுவதில்லை. பாலக்காடு என்று தேடினால் கொச்சி வரும், பொள்ளாச்சி என்று தேடினால் கோயம்புத்தூர் வரும். அதனால் குரூப்புகளில்தான் தேடுகிறோம். பொள்ளாச்சி தென்னைநார் கம்பெனியில் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்பது போன்ற நிஜ வேலைகளும் அங்கேதான் வருகின்றன.

வேலைக்கு முன்பணம் கேட்டால் அது மோசடி என்று எல்லோருக்கும் தெரியும். அது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. என்னிடம் ஒரு பைசா கேட்கவில்லை. நல்ல தமிழில் பேசிய ஒரு பெண் ஆதார் நகலும் போட்டோவும் வாங்கிக்கொண்டார். மொபைலுக்கு வந்த ஓடிபியைச் சொன்னதும் ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகிவிட்டது என்றார். பக்கம் பக்கமாக ஆங்கிலம். நடுவில் ஒரு வரி: 90 சதவீதம் பிழையில்லாமல் முடிக்காவிட்டால், வேலை செய்தவர் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டும். இவர்கள் பிழைப்பே அந்த ஒரு வரியில்தான் நடக்கிறது.

மங்கலான படங்களில் உள்ள பெயர், முகவரி, எண்களைப் பார்த்துத் தளத்தில் ஏற்ற வேண்டும். ஓ எழுத்தா பூஜ்யமா என்றே தெரியாது. கெடு முடியும் நாளில் தளம் திறக்கவில்லை. கேட்டால் சர்வர் பிஸி. எப்படியோ முடித்து அனுப்பியதும் 82 சதவீதம், ஃபெயில் என்று பதில் வந்தது. எங்கே பிழை என்று கேட்டேன், காட்டவே இல்லை. சம்பளம் கிடையாது, தளத்தைப் பயன்படுத்தியதற்கு நான்தான் 7,000 ரூபாய் தர வேண்டுமாம்.

அப்புறம் ‘வக்கீல்’ வந்தார். சிங்க முத்திரையும் கோர்ட்டு சீலும் போட்ட நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்தது. “உங்க ஸ்டேஷனுக்கு வாரண்ட் வருது மேடம், தெருவுக்கே தெரிஞ்சிடும், இப்பவே பேசி முடிச்சுக்கோங்க” என்றார். வீட்டில் தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். பாதிக்குப் பாதி செட்டில்மென்ட் என்றதும் அனுப்பிவிட்டேன். மறுநாளே, பாக்கி இல்லை என்ற சான்றுக்கு (என்ஓசி) கட்டணம் என்று இன்னொரு 4,200 கேட்டார்கள்.

குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் (கேரளாவின் பெண்கள் சுயஉதவிக் குழு) இருக்கும் ஒரு அக்கா சித்தூரில் உள்ள தாலுகா சட்டப்பணிகள் கமிட்டிக்கு என்னை அழைத்துப் போனார். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தமிழிலேயே பேசினார்கள். ஒப்பந்தத்தை மீறினால் அது சிவில் வழக்கு, அதற்குப் போலீஸ் வந்து கைது செய்யாது என்றார்கள். ஒப்பந்தத்தில் அபராதம் எவ்வளவு எழுதியிருந்தாலும், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கோர்ட்டு கொடுக்காது. எந்தக் கோர்ட்டும் போன் போட்டு யுபிஐ எண் கொடுக்காது என்று சொல்லி அங்கே இருந்த வக்கீலம்மா சிரித்தார். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

அவர் காட்டிய இன்னொரு விஷயம் எனக்குப் புதிது. கம்பெனி லெட்டர்ஹெட்டில் கோயம்புத்தூர் முகவரி. கீழே இருந்த ஜிஎஸ்டி எண்ணோ 24-இல் தொடங்கியது. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும்: கேரளா 32, தமிழ்நாடு 33, ஆந்திரா 37. 24 குஜராத். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். போட்டால் ஒரு துணிக்கடை வந்தது. பாவம், அந்தக் கடைக்காரருக்கே இது தெரிந்திருக்காது.

சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து, cybercrime.gov.in தளத்திலும் புகார் பதிந்தேன். பணம் திரும்பவில்லை. பணம் போன கணக்கு அதற்குள் காலியாகிவிட்டது. உடனே கூப்பிட்டிருந்தால் கணக்கை முடக்கியிருக்கலாம் என்றார்கள், அதனால் கட்டிவிட்டவர்கள் யோசித்துக்கொண்டிருக்காமல் கூப்பிடுங்கள். மிரட்டல் கொஞ்ச நாள் வேறு வேறு எண்களிலிருந்து வந்தது. நான் எடுக்கவில்லை, தானாக நின்றுவிட்டது.

வேலை தேடுவதை நிறுத்தவில்லை. மத்திய அரசின் என்சிஎஸ் வேலைவாய்ப்புத் தளம், தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்புத் தளம், கேரள அரசின் டிடபிள்யூஎம்எஸ் வேலைத் தளம் மூன்றிலும் பதிந்திருக்கிறேன், மூன்றும் இலவசம். கேரளத் தளத்தில் படித்தவர்களுக்கான வேலைகள் அதிகம், டைப்பிங் மட்டும் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான். தொழிற்சாலைகள் நிறைந்த கஞ்சிக்கோடு பக்கம் போக முடிந்தவர்கள் கம்பெனி கேட்டிலேயே நேரில் விசாரிப்பது இதைவிட வேகம்.

ஏற்கெனவே நோட்டீஸ் வந்து பயந்துகொண்டிருப்பவர்கள் பணம் கட்டாதீர்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் உங்கள் பக்கத்துச் சட்ட உதவி மையத்தைச் சொல்வார்கள். மிரட்டுகிறவர்களின் எண்களை பிளாக் செய்வதற்கு முன்னால் சாட், நோட்டீஸ், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் பதியும்போது முதலில் கேட்பது அதைத்தான்.