உறக்கத்தில் கண் வலி: சொட்டு மருந்துக் குப்பியைத் திருப்பிப் பார்க்காமல் விட்டதால் எனக்கு வந்த கேடு

கண் வறட்சிக்கென்று மெடிக்கலில் வாங்கி விட்ட சொட்டு மருந்து என் இடக் கண்ணின் அழுத்தத்தை 34-க்கு ஏற்றிவிட்டது. 10-க்கும் 21-க்கும் நடுவில் இருக்க வேண்டிய கணக்கு அது. ஏறினது எனக்குத் தெரியவே இல்லை. வலிக்காது, சிவக்காது, பார்வையும் சட்டென்று குறையாது. இன்னும் சில மாதம் கழித்துக் கண்டுபிடித்திருந்தால் கண் நரம்பு போயிருக்கலாம், போன நரம்பு திரும்பாது. நடுவில் ஒரு கண் சென்டரில் 12,000 ரூபாயும் இழந்தேன். கடையின் பெயரையோ சென்டரின் பெயரையோ எழுதவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் முழுசாக எழுதுகிறேன். உறக்கத்தில் கண் வலித்து எழும்புகிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழியில். கணவாய்க் காற்று என்றால் என்னவென்று இந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டாம், முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பதே அதை நம்பித்தான். ஆனி பிறந்தால் ஆவணி வரை ஜன்னல் கதவு நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். நான் தையல்காரி. பகல் முழுக்கக் கண்ணைக் கொண்டுதான் பிழைப்பு.

போன ஆனியில்தான் ஆரம்பித்தது. ராத்திரி மூன்று, மூன்றரை மணிக்கு முழிப்பு வரும். கண்ணைத் திறந்ததும் சுரீர் என்று ஒரு வலி. இமையின் உள்பக்கம் கருவிழியோடு ஒட்டிக் கிடந்து, திறக்கும்போது தோலை உரித்து எடுக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் தண்ணீராகக் கொட்டும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. அரை மணி நேரம் சேலைத் தலைப்பைக் கண்ணில் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். விடிந்து ஒன்பது மணி ஆனால் ஒன்றும் இருக்காது. அதனால்தான் யாரிடமும் காட்டாமல் பத்து நாள் தள்ளினேன். பகலில் நன்றாக இருக்கிற கண்ணை டாக்டரிடம் கொண்டுபோய் என்ன காட்டுவது என்ற நினைப்பு.

அத்தை தோவாளை சந்தையிலிருந்து நந்தியாவட்டைப் பூ வாங்கிவந்து, மூடின கண்மேல் வைத்துவிட்டார்கள். குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் தேன் விடு, தாய்ப்பால் விடு என்றார்கள். அதைச் செய்யவில்லை. செய்யாமல் இருந்ததே நல்லது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

பதினோராம் நாள் மெடிக்கலுக்குப் போனேன். கடைக்காரத் தம்பி என் கண்ணை ஒருதரம் பார்த்தார். "அக்கா, இது காத்துக்கு வாறது. இத நாலு நேரம் விடுங்க, ரெண்டே நாள்ல சரியாயிரும்" என்றார். டாக்டர் சீட்டு கேட்கவில்லை. பில் கேட்டேன், "இதுக்கு எதுக்குக்கா பில்லு" என்றார்.

அவர் சொன்ன மாதிரியே ரெண்டு நாளில் சரியாகிவிட்டது. மோசம் போனது அங்கேதான். சிவப்பு இல்லை, மூன்று மணி வலியும் கால்வாசி ஆயிற்று. எனக்கு அந்த மருந்தின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. நிறுத்தினால் நாலாம் நாள் வலி திரும்பும், மறுபடி வாங்குவேன். ரெண்டு கண்ணுக்கும் நாலு நேரம் விட்டால் அந்தச் சின்னக் குப்பி பன்னிரண்டு நாள் வரும். இப்படி அஞ்சு குப்பி. ஒருதரமாவது "இன்னும் சரியாகல்லியா, டாக்டரைப் பாருங்க" என்று அந்தக் கடையில் சொல்லவில்லை.

ஆடி நடுவில் நாகர்கோவிலில் ஒரு கண் சென்டரில் இலவசப் பரிசோதனை என்று நோட்டீஸ் வந்தது. வடசேரியில் பஸ் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார். இமையோர எண்ணெய்ச் சுரப்பி எல்லாம் அடைத்துப் போயிருக்கிறது, சூடு காட்டித் திறக்க வேண்டும், ஆறு தடவை வர வேண்டும், 12,000 ஆகும், இன்றைக்கே கட்டினால்தான் இந்த விலை என்றார். பின்னே ஒரு கண்ணாடிக்கு 2,800. கையில் தையல் சீட்டுப் பணம் இருந்தது, கட்டிவிட்டேன். "கட்டிய பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று ரசீதின் அடியில் இருந்ததை வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் ஒன்று. பையிலிருந்த சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து அவரிடம் நீட்டி, "இதை விடுறேன் சார், விடலாமா?" என்று கேட்டேன். கையில்கூட வாங்கவில்லை. "விடுங்க விடுங்க, நல்லதுதான்" என்றார். இப்படி இன்னொரு மாதம் விட்டேன்.

சூடு காட்டுகிற சிகிச்சையே பொய் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய்ச் சுரப்பி உண்மையிலேயே அடைத்தவர்களுக்கு அதனால் பலன் உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். என் சுரப்பி அடைக்கவில்லை. நாலு தடவை போய்ச் சூடு காட்டியும், ராத்திரி மூன்று மணி வலி அதே மூன்று மணிக்கு வந்தது.

ஆவணியில் மைனி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தக்கலைப் பக்கம் நர்ஸாக இருக்கிறவர்கள். தையல் மெஷின் மேலே கிடந்த குப்பியை எடுத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்துப் படித்தார்கள். பொடி எழுத்து, நானெல்லாம் படிக்க முயன்றதே இல்லை. "இது எத்தன நாளா விடுக?" என்று கேட்டார்கள். ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும் என்றேன். மைனியின் முகம் மாறிவிட்டது. "டெக்ஸாமெத்தசோன்லா போட்டிருக்கு. ஸ்டீராய்டு. யாரு எழுதித் தந்தா?"

யாரும் எழுதித் தரவில்லை. ஸ்டீராய்டு என்றால் சிவப்பையும் வீக்கத்தையும் அடக்குகிற வீரியமான மருந்து. அந்த மருந்தின் அட்டைப்பெட்டி ஒன்று என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது, சட்டைப் பொத்தான் போட்டு வைத்திருந்தேன். மைனி பொத்தானைக் கொட்டிவிட்டுப் பெட்டியைக் காட்டினார்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துக்குப் போடுகிற கோடு அது. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டும் இருந்தது. ரெண்டு மாதம் தினமும் அந்தப் பெட்டிக்குள் கைவிட்டுப் பொத்தான் எடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மைனியே கூட்டிக்கொண்டு போனார்கள். ஓ.பி. சீட்டு எடுத்து, கூட்டத்தில் உட்கார்ந்து, எங்கள் முறை வர மதியம் ஆகிவிட்டது. அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "வலி எத்தனை மணிக்கு வருது? உறங்கும்போ கண்ணு முழுசா அடையுதா, வீட்டுல யாராவது பாத்திருக்காங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டே இருப்பார்கள், "இந்தப் பிள்ளை அரைக்கண்ணுலதான் ஒறங்கும்" என்று. அது ஒரு நோயென்று யாருக்கும் தோன்றியதில்லை.

ஆரஞ்சு நிறத் தாள் ஒன்றை நனைத்துக் கண்ணில் தொட்டார்கள். நீல விளக்கில் பார்த்தார்கள். கருவிழியின் கீழ்ப்பகுதியில் மட்டும் ஒரு பட்டை பச்சையாகத் தெரிகிறது என்று மைனியையும் அழைத்துக் காட்டினார்கள். காய்ந்து மேல்தோல் உரிந்த இடத்தில்தான் அந்தச் சாயம் பிடிக்கும். உறங்கும்போது கருவிழி மேலே சொருகும், இமை முழுசாக மூடாதவர்களுக்குக் கீழ்ப்பக்கம் காற்றில் திறந்து கிடக்கும், உறக்கத்தில் கண்ணீர் ஊறுவதும் ரொம்பக் குறைந்துவிடும். மேலே ஃபேன், வெளியே கணவாய்க் காற்று. மூன்று மணிக்குள் காய்ந்து இமையோடு ஒட்டிவிடுகிறது. முயல் கண்ணைத் திறந்தபடியே உறங்கும் என்று நம்பின கிரேக்கர்கள் முயலின் பெயரிலேயே இதற்கு லாகாஃப்தால்மோஸ் என்று பெயர் வைத்தார்களாம். முகவாதம் வந்தவர்களுக்கும், தைராய்டால் கண் பிதுங்கினவர்களுக்கும், இமையில் ஆபரேஷன் செய்தவர்களுக்கும் இது வரலாம். என்னைப் போல ஒரு காரணமும் இல்லாமல் பிறவியிலிருந்தே இருப்பவர்களும் உண்டு.

பிறகு குப்பியை வாங்கிப் படித்தார்கள். உடனே அழுத்தம் பார்த்தார்கள். வலம் 30, இடம் 34.

"உங்க வீட்டுல யாருக்காவது கண் நீர் அழுத்தம் உண்டா?" அப்பாவுக்கு இருந்தது. ஸ்டீராய்டு சொட்டு வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் இருக்கிற நீர் வடிகிற வழி அடைபட்டு அழுத்தம் ஏறும், குடும்பத்தில் அந்த நோய் இருந்தால் ஏறுவதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம் என்று விளக்கினார்கள். ரொம்ப நாள் விட்டால் கண்புரையும் வரலாம். கிருமித் தொற்று இருக்கிற கண்ணில் விட்டால், சிவப்பு மட்டும் அடங்கி உள்ளே புண் பெருகலாம். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை, டாக்டர் பார்த்து, எத்தனை நாள் என்று எண்ணித் தருகிற மருந்து என்றும் சொன்னார்கள். எனக்கு அதை நிறுத்தச் சொன்னார்கள். நீங்கள் விட்டுக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். சிலருக்குப் படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கும், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அழுத்தம் குறைய டிமோலால் சொட்டு எழுதினார்கள். எழுதுவதற்கு முன்னால் மூச்சிரைப்பு உண்டா, நெஞ்சுத் துடிப்பில் கோளாறு உண்டா என்று ரெண்டு தரம் கேட்டார்கள். கண்ணில் விடுகிற சொட்டுக்கு நெஞ்சைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்று இருந்தது. அந்த மருந்து உடம்புக்குள்ளும் போகும், ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சை அடைக்கும் என்று மைனி வழியில் சொன்னார்கள். ஒரு சொட்டு மருந்தைக் கையில் தருவதற்கு முன்னால் இத்தனை கேட்க இருக்கிறது.

அன்று ராத்திரி மகளிடம், நான் உறங்கின பிறகு கண்ணை ஒரு போட்டோ எடு மக்ளே என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். காலையில் போனைக் கொண்டுவந்து காட்டினாள். "அம்மா, நீ ஒறங்கல்லியோன்னு நெனச்சேன், கண்ணு தொறந்துல்லா இருக்கு." ரெண்டு கண்ணிலும் இமைக்குக் கீழே நகத்தின் வெள்ளை மாதிரி ஒரு கீற்று. 14,800 ரூபாய் கொடுத்தும் தெரியாத சங்கதி ஒரு போட்டோவில் இருந்தது. உங்களுக்கும் விடியற்காலையில் இப்படி வலித்தால், டாக்டரிடம் போவதற்கு முன்னால் இந்த ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு போங்கள். படம் எடுக்க ஃபிளாஷ் வேண்டாம், அறையில் மங்கலான விளக்கு போதும்.

இப்போது ராத்திரி படுக்கிறபோது கண்ணுக்குள் ஜெல், மேல் இமையிலிருந்து கன்னம் வரை காகிதப் பிளாஸ்திரி ஒரு துண்டு. எப்படி ஒட்டுவது என்று ஆஸ்பத்திரியிலேயே காட்டித் தந்தார்கள். கண் முழுசாக மூடின பிறகே ஒட்ட வேண்டும், இல்லையென்றால் பிளாஸ்திரியே கருவிழியில் உரசும். கட்டிலை ஃபேனுக்கு நேர் கீழிருந்து சுவரோரம் நகர்த்தினோம், மேற்கு ஜன்னலை ராத்திரி அடைக்கிறோம். முழிப்பு வந்தால் உடனே கண்ணைத் திறப்பதில்லை. மூடின இமைக்குள்ளேயே விழியை இடமும் வலமுமாக மெல்ல உருட்டி, ஈரம் பரவின பிறகு திறக்கிறேன். செயற்கைக் கண்ணீர் குப்பி தலைமாட்டில் இருக்கிறது, கெடாமல் இருக்கச் சேர்க்கிற ரசாயனம் இல்லாத வகை. அடிக்கடி விடுகிறவர்களுக்கு அந்த ரசாயனமே உறுத்தும் என்று சொல்லித்தான் அதை எழுதினார்கள். மூன்றாவது வாரம் முதல்முறையாக ஆறு மணி வரை உறங்கினேன்.

குப்பியில் எதைப் பார்ப்பது என்று மைனி எனக்குச் சொல்லித் தந்ததைச் சொல்கிறேன். பெரிய எழுத்தில் இருக்கிற கம்பெனிப் பெயரை விட்டுவிடுங்கள், அதன் கீழே பொடியில் இருக்கிற மருந்தின் பெயரைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃபுளோரோமெத்தோலோன் என்று சோனிலோ லோனிலோ முடிந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு. லோட்டிபிரெட்னாலும் அந்த இனம்தான். கிருமிக்கொல்லி மருந்தோடு சேர்த்தும் வரும், அப்போது சேர்ந்திருக்கிற எல்லாப் பெயரையும் பார்க்க வேண்டும். படிக்க முடியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், அல்லது படித்த பிள்ளைகளிடம் கொடுங்கள். சிவப்பு ரெண்டு நாளில் போகிறது என்பதற்காக நம்பாதீர்கள், எனக்கும் ரெண்டு நாளில்தான் போனது.

அழுத்தம் இப்போது வலம் 16, இடம் 18. ஒளிப்புள்ளி தெரியும்போது பொத்தானை அழுத்துகிற பார்வைப் பரப்புச் சோதனையும் எடுத்தார்கள், இடக் கண்ணில் ஓரத்தில் ஒரு சின்ன இடம் சந்தேகமாக இருக்கிறது. ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அந்தச் சின்ன இடத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் உறக்கம் கெடுகிறது.

மெடிக்கல் கடையைப் பற்றி மருந்து ஆய்வாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பில் இல்லாததால் என் கையில் ஆதாரம் குறைவு, குப்பியும் பெட்டியும்தான். சென்டரில் பணம் கேட்டுப் போனால் ரசீதின் கடைசி வரியைக் காட்டுகிறார்கள். அந்த ரசீதில் டாக்டர் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். நாகர்கோவிலில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட 2 வருடம் அவகாசம் உண்டு, நாம் கட்டின பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. கண் வறட்சிக்குச் சூடு காட்டுகிறோம் என்று மொத்தமாகப் பணம் கட்டச் சொல்லி, எந்த டாக்டரும் பார்க்காமலே உங்களையும் அனுப்பியிருந்தால் ரசீதைத் தூரப் போட்டுவிடாதீர்கள். நோட்டீஸ் இருந்தால் அதையும் பத்திரமாக வைத்திருங்கள். எனக்கு அந்த நோட்டீஸ் இப்போது கிடைக்கவில்லை, அளவுத் துணியோடு சேர்த்து எரித்துவிட்டேன்.