ரத்தக்கட்டியை அகற்றுவதா, இரும்பைப் பிடிப்பதா?

மூளையில் ரத்தம் கசிந்தவரின் வீட்டார் இரண்டையும் கேட்கிறார்கள்: உறைந்த ரத்தத்தை எடுத்துவிடலாமா, அதன் நஞ்சை மருந்தால் முறிக்கலாமா?

கன்றிய முழங்கால் ஊதாவிலிருந்து பச்சையாகி மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். மூளைக்குள்ளும் அதே சிதைவுதான். சில நாட்களில் சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் கசிகிறது. அதிலிருந்து இரும்பைத் தாங்கும் ஹீம் என்ற பகுதி, ஹீமிலிருந்து இரும்பு. 30 மில்லிலிட்டர் ரத்தக்கட்டியில் சுமார் 15 மில்லிகிராம் இரும்பு இருக்கும். தோலில் அது கறையோடு போய்விடும். மூளையிலோ ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, நரம்பணுச் சவ்வின் கொழுப்பையே அரித்து, அந்த நரம்பணுவைக் கொல்கிறது.

என்ன செய்கிறது?
அறுவை: அழுத்தத்தையும் நஞ்சின் ஊற்றையும் சேர்த்தே குறைக்கிறது.
டெஃபராக்சமின்: இரும்பை மட்டும் பற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோருக்குப் பழகிய மருந்து.

சான்று?
அறுவை: 2024இல் வெளியான என்ரிச் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் செய்த நுண்துளை அறுவை பலன் தந்தது, மூளை மடல்களில், அதாவது மேற்பரப்பை ஒட்டிய பகுதிகளில், கசிந்தவர்களுக்கே அந்தப் பலன்.
மருந்து: 2019இன் ஐ-டெஃப் ஆய்வில் 90ஆம் நாளில் நன்கு தேறியவர்கள் 34 சதவீதம், மருந்து பெறாதவர்களில் 33. எனக்கு வருத்தமளித்த முடிவு இது.

ஆபத்து?
அறுவை: மீண்டும் கசிவு, தொற்று.
மருந்து: அதிக அளவில் கடும் நுரையீரல் பாதிப்பு என்ற அச்சம், முந்தைய ஆய்வு அதனால்தான் நின்றது.

மடலில் பெரிய கட்டி, முதல் நாளே மருத்துவமனை என்றால் அறுவை பற்றி உடனே கேளுங்கள். இரும்பைப் பிடிக்கும் மருந்தை இன்றைக்கு ஆய்வுகளுக்கு வெளியே கேட்டு வற்புறுத்த வேண்டாம்.