முதல் சுற்றா, இரண்டாம் சுற்றா, வெறும் முன்னுரிமையா: என்எஃப்எல் டெண்டர்களில் எது யாருக்கு லாபம்?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், 2016 மார்ச்சில் பஃபலோ பில்ஸ் அணியின் ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) கிறிஸ் ஹோகனை நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே பில்ஸிடமிருந்து ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுபவர்) மைக் கில்லிஸ்லியையும் கொண்டுபோனது. இரண்டும் ஒரே பிரிவில் ஆடும் அணிகள். ஒவ்வொரு சீசனிலும் இரண்டு முறை மோதிக்கொள்ளும் பங்காளிகள். இருவரையும் தடுத்து நிறுத்த பில்ஸிடம் வழி இருந்தது. இருந்த வழிகளில் மிக மலிவானதை எடுத்தார்கள், அதுதான் விஷயம்.

அந்த வழிக்குப் பெயர் டெண்டர். ஏலம் கேட்கிற டெண்டர் இல்லை இது. ஒப்பந்தம் முடிந்த வீரரிடம் பழைய அணி, "இந்த ஆண்டுக்கு இவ்வளவு சம்பளம், எங்களோடு இரு" என்று முறைப்படி நீட்டும் ஓராண்டுத் தாள். அமெரிக்கக் கால்பந்தில் மூன்று சீசன் கணக்கில் ஏறி, ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கு இது பொருந்தும். ஆறு ஆட்டங்களுக்காவது முழுச் சம்பளத்தில் அணியில் இருந்தால் அது ஒரு சீசன். நான்கு சீசன் ஆகிவிட்டால் அவர் முழுச் சுதந்திரர், யாரோடும் பேசலாம். மூன்றுக்குக் கீழே என்றால் பழைய அணி குறைந்தபட்சச் சம்பளத்தை நீட்டினாலே போதும், வேறு யாரும் கிட்டே வர முடியாது. நடுவில் மாட்டிக்கொள்பவர்தான் ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது பாதிச் சுதந்திரம் உள்ளவர்.

கல்லூரி வீரர்களை அணிகள் சுற்று சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தேர்வானவர்கள் முதலில் நான்கு ஆண்டு ஒப்பந்தம் போடுவதால் இந்த நடுநிலையில் அவர்கள் நிற்பது அபூர்வம். ஏழு சுற்றிலும் யாரும் கூப்பிடாமல், மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் பின்வாசல் வழியாக வந்து தன்னை நிரூபித்தவர்களே பெரும்பாலும் இதில் சிக்குகிறார்கள். அதனால்தான் இந்த விதிகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கொஞ்சம் வீரர் பக்கம் சாய்கிறது. அதைச் சொல்லிவிட்டே ஒப்பீட்டுக்குள் போகிறேன்.

நான்கு விலை, நான்கு வேலி

2025-இல் முதல் சுற்று டெண்டர் 74.58 லட்சம் டாலர். இரண்டாம் சுற்று டெண்டர் 53.46 லட்சம். அசல் சுற்று டெண்டர் 34.06 லட்சம். கடைசியாக, ஈடு எதுவும் இல்லாமல், வெளி ஆஃபரை ஏற்று ஆளைத் தக்கவைக்கும் உரிமை மட்டும் தரும் வெறும் முன்னுரிமை டெண்டர் 32.63 லட்சம்.

டெண்டர் பெற்ற வீரர் கையெழுத்துப் போடாமல் வெளியே விலை கேட்டுப் பார்க்கலாம். டிராஃப்டுக்குச் சில நாள் முன்பு வரை அதற்கு நேரம் உண்டு. வேறு அணி ஆஃபர் ஷீட் (எழுத்தில் ஒப்பந்த முன்மொழிவு) கொடுத்து அவர் அதில் கையெழுத்திட்டால், பழைய அணிக்கு ஐந்து நாள் அவகாசம். அதே நிபந்தனைகளை ஏற்று மேட்ச் செய்தால் வீரர் பழைய இடத்திலேயே, புதிய சம்பளத்தில். விட்டுவிட்டால் டெண்டர் என்ன வகையோ அதற்கேற்ற டிராஃப்ட் வாய்ப்பு, அதாவது அந்தச் சுற்றில் ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, புதிய அணியிடமிருந்து ஈடாக வரும். முதல் சுற்று டெண்டருக்கு முதல் சுற்று வாய்ப்பு, இரண்டாம் சுற்றுக்கு இரண்டாவது. அசல் சுற்று என்றால் வீரர் முதலில் எந்தச் சுற்றில் எடுக்கப்பட்டாரோ அந்தச் சுற்று. ஆஃபர் கொடுக்கும் அணியிடம் அந்தச் சுற்றில் தன் சொந்த வாய்ப்பு கையிருப்பில் இருக்க வேண்டும் என்பதும் விதி.

இதில்தான் சூட்சுமம். எந்தச் சுற்றிலும் எடுக்கப்படாத வீரருக்கு அசல் சுற்று என்று ஒன்றே கிடையாது. அவருக்கு அந்த டெண்டர் போட்டால் ஈடு பூஜ்யம்.

மலிவு டெண்டர்

ஹோகன் அப்படிப்பட்டவர். கல்லூரியில் லக்ராஸ் ஆடியவர், கால்பந்து ஆடியது ஒரே ஒரு ஆண்டு, டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. 2016-இல் பில்ஸ் அவருக்கு நீட்டியது 16.71 லட்சம் டாலர். இரண்டாம் சுற்று டெண்டர் அந்த ஆண்டு 25.53 லட்சம். பேட்ரியட்ஸ் மூன்று ஆண்டுக்கு 1.2 கோடி டாலர் ஆஃபர் ஷீட் கொடுத்தது. முதல் ஆண்டுச் சுமையை வேண்டுமென்றே 55 லட்சமாக ஏற்றி வைத்தார்கள், பில்ஸிடம் அந்த ஆண்டு சம்பள உச்சவரம்பில் (ஒரு அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகையில்) இடம் குறைவு என்று தெரிந்தே. பில்ஸ் மேட்ச் செய்யவில்லை. ஈடும் கிடைக்கவில்லை. அடுத்த ஜனவரியில் பிட்ஸ்பர்க்குக்கு எதிரான ஏஎஃப்சி (லீக்கின் இரு பாதிகளில் ஒன்று) இறுதியாட்டத்தில் ஹோகன் ஒன்பது கேட்ச், 180 யார்டு, இரண்டு டச்டவுன். இரண்டு வாரம் கழித்து கையில் சூப்பர் பௌல் என்ற லீக் இறுதியாட்டத்தின் கோப்பை.

ஒருமுறை சுட்டால் போதும் என்று நினைப்போம். 2017-இல் கில்லிஸ்லிக்கும் பில்ஸ் போட்டது அசல் சுற்று டெண்டர், 17.97 லட்சம். முந்தைய சீசனில் அவர் 101 முறை பந்தைச் சுமந்து 577 யார்டு, எட்டு டச்டவுன் எடுத்திருந்தார். இன்னும் 9.49 லட்சம் சேர்த்திருந்தால் இரண்டாம் சுற்று வேலி. அந்த விலைக்கு பேட்ரியட்ஸ் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். மியாமி அவரை 2013-இல் ஐந்தாம் சுற்றில் எடுத்திருந்ததால், ஈடாக ஐந்தாம் சுற்று வாய்ப்பு ஒன்றுதான் தேவைப்பட்டது. இரண்டு ஆண்டு, 64 லட்சம், முதல் ஆண்டே 40 லட்சம் கைக்கு வரும்படி பேட்ரியட்ஸ் ஆஃபர் கொடுத்தது. ஆளும் போய்விட்டார். 2017 சீசனின் முதல் ஆட்டத்திலேயே பேட்ரியட்ஸுக்காக மூன்று டச்டவுன்.

ஆனால் இந்தக் கதைக்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. ஈடாக வந்த அந்த 163-ஆம் வாய்ப்பில் பில்ஸ் எடுத்தது லைன்பேக்கர் மேட் மிலானோவை. 2022-இல் அவர் அந்த ஆண்டின் சிறந்த வீரர்களின் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம் பிடித்தார். கில்லிஸ்லியோ 2018 செப்டம்பரில் பேட்ரியட்ஸை விட்டு வெளியேறிவிட்டார். அசல் சுற்று டெண்டர் டிராஃப்டில் வந்த வீரருக்கு ஓரளவு அர்த்தமுள்ளது என்பதற்கு இது சாட்சி. ஹோகனுக்கு அதையே போட்டபோதுதான் கை வெறுமையாக நின்றது.

மலிவு டெண்டர் சரியாக அமைவதும் உண்டு. 2018-இல் சிகாகோ பேர்ஸ், முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்திருந்த கேமரன் மெரிடித்துக்கு 19.07 லட்சம் மட்டும் போட்டது. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் இரண்டு ஆண்டுக்கு 96 லட்சம் ஆஃபர் கொடுத்தது. பேர்ஸ் விட்டுவிட்டது. முழங்கால் பழைய நிலைக்கு வரவில்லை, செயின்ட்ஸுக்கு அவர் பிடித்தது ஒன்பதே பந்து. உடல்நிலை சந்தேகமாக இருக்கும்போது சந்தையே விலை சொல்லட்டும் என்று விடுவதில் தவறில்லை.

இரண்டாம் சுற்று டெண்டர்

அணியின் இடத்தில் நான் இருந்தால் பெரும்பாலும் இதைத்தான் எடுப்பேன். 2025 கணக்கில் முன்னுரிமை டெண்டருக்கும் இதற்கும் வித்தியாசம் 20.83 லட்சம் டாலர். அந்த ஆண்டின் சம்பள உச்சவரம்பு 27.92 கோடி. வித்தியாசம் அதில் முக்கால் சதவீதம். அதைக் கொடுத்தால், இரண்டாம் சுற்று வாய்ப்பையும் இழந்து, மேலே பெரிய ஒப்பந்தமும் கொடுக்கத் தயாராக ஒருவர் வர வேண்டும். அப்படி யாரும் சுலபத்தில் வருவதில்லை. 2022-இல் பேட்ரியட்ஸ் ரிசீவர் ஜகோபி மேயர்ஸுக்கு 39.86 லட்சத்தில் இதையே போட்டது. அவரும் டிராஃப்டில் எடுக்கப்படாதவர். அந்த விலையிலேயே ஒரு சீசன் ஆடிக் கொடுத்தார். அடுத்த வசந்தத்தில் முழுச் சுதந்திரத்தோடு லாஸ் வேகஸ் ரெய்டர்ஸிடம் மூன்று ஆண்டுக்கு 3.3 கோடி டாலர் வாங்கினார்.

இரண்டாம் சுற்று வேலியைத் தாண்டியே தீருவோம் என்று நினைக்கும் அணி வேலியைச் சுற்றிப் போகும். 2007-இல் மியாமி டால்ஃபின்ஸ் வெஸ் வெல்கருக்கு இரண்டாம் சுற்று டெண்டர் போட்டிருந்தது. பேட்ரியட்ஸ் ஆஃபர் ஷீட்டுக்குப் போகாமல், இரண்டாம் சுற்று வாய்ப்போடு ஏழாம் சுற்று வாய்ப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து நேராகப் பேசி வாங்கிவிட்டது. மேட்ச் செய்வார்களோ என்ற பயமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. அந்த சீசனில் வெல்கர் பிடித்தது 112 பந்து. அதில் மியாமிக்கும் ஒரு வாய்ப்பு கூடுதலாகக் கிடைத்தது, வேலி உயரமாக இருந்ததால்தான்.

முதல் சுற்று டெண்டர்

இதை நட்சத்திரங்களுக்கு மட்டும்தான் போடுவார்கள். ஒரு காலத்தில் இந்த உயரத்தையும் தாண்டினார்கள். 1998-இல் நியூயார்க் ஜெட்ஸ், பேட்ரியட்ஸின் கர்ட்டிஸ் மார்ட்டினுக்கு ஆறு ஆண்டுக்கு 3.6 கோடி டாலர் ஆஃபர் ஷீட் கொடுத்து, முதல் சுற்று, மூன்றாம் சுற்று வாய்ப்புகளை ஈடாகத் தந்தது. அவர் பிறகு புகழ்மண்டபம் வரை போனார்.

மால்கம் பட்லர் கதை வேறு. 2015 பிப்ரவரியில் சியாட்டில் சீஹாக்ஸ் கோல் கோட்டிலிருந்து ஒரு யார்டில் நிற்கும்போது பாய்ந்து பந்தைப் பறித்து பேட்ரியட்ஸுக்கு சூப்பர் பௌல் வாங்கிக் கொடுத்தவர். டிராஃப்டில் பெயர் வராத பையன். 2016-இல் அவர் சம்பளம் 6 லட்சம் டாலர். 2017-இல் முதல் சுற்று டெண்டர் 39.1 லட்சம் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே மார்ச்சில் அதே அணி, அதே கார்னர்பேக் (எதிரணி ரிசீவரைத் தடுப்பவர்) இடத்துக்கு, ஸ்டெஃபான் கில்மோரை ஐந்து ஆண்டுக்கு 6.5 கோடி டாலர் கொடுத்து வெளியிலிருந்து கொண்டுவந்தது. பட்லர் நியூ ஆர்லியன்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முதல் சுற்று வாய்ப்பை விட்டுத்தர அவர்களுக்கு மனம் வரவில்லை, ஆஃபர் ஷீட் வரவில்லை. ஏப்ரலில் டெண்டரில் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆண்டு டென்னசி டைட்டன்ஸ் அவருக்கு 6.1 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அந்த ஓராண்டுத் தாமதத்தை அவர் உடம்பு தாங்கியது. எல்லார் உடம்பும் தாங்குமா?

வீரர் எதை விரும்புவார்?

மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய டெண்டர் பெரிய சம்பளம். ஆனால் வெளியே நல்ல விலை போகக்கூடிய வீரருக்கு மலிவு டெண்டர்தான் வாசல். 2016-இல் டென்வரின் சி.ஜே. ஆண்டர்சனுக்கு வந்ததும் 16.71 லட்ச டெண்டர்தான். மியாமி நான்கு ஆண்டுக்கு 1.8 கோடி ஆஃபர் கொடுத்தது, டென்வர் மேட்ச் செய்தது, ஊர் மாறாமலே சம்பளம் மாறியது. இன்னொரு விஷயம், டெண்டர் தொகைக்கு உத்தரவாதம் கிடையாது. அணி தன் முக்கிய வீரரை ஓராண்டுக்குப் பிடித்து வைக்கும் ஃப்ரான்சைஸ் டேக் என்றால் கையெழுத்திட்ட நொடியே முழுப் பணமும் உறுதி. டெண்டரில் கையெழுத்திட்டவரை ஆகஸ்டில் முகாமிலிருந்து அனுப்பிவிட்டால் அத்தோடு சரி. கையெழுத்துப் போடும் முன்பு டெண்டரை அணி திரும்பப் பெறவும் முடியும், அப்போது அவர் முழுச் சுதந்திரர். ஆகவே வெளியே கிராக்கி இல்லாத வீரர் சீக்கிரம் கையெழுத்திடுவதே நல்லது, கிராக்கி உள்ளவர் கடைசி நாள் வரை பொறுப்பதே நல்லது.

ஆஃபர் ஷீட் எழுதுவதில் நீளம் முக்கியம். 2013-இல் பேட்ரியட்ஸ் பிட்ஸ்பர்க்கின் இம்மானுவேல் சாண்டர்ஸுக்கு ஓராண்டு, 25 லட்சம் என்று கொடுத்தது. பிட்ஸ்பர்க்குக்கு அதை மேட்ச் செய்வது கடினமாக இல்லை. அடுத்த ஆண்டு அவர் டென்வர் போய்ச் சேர்ந்தார். உண்மையிலேயே ஆள் வேண்டும் என்றால் பழைய அணிக்கு வலிக்கிற இடத்தில் பணத்தை வைக்க வேண்டும், ஹோகனுக்குச் செய்தது போல.

2006-இல் அந்த வலியை விஷமாகவே மாற்றினார்கள். மினசோட்டா வைக்கிங்ஸ், சியாட்டில் லைன்மேன் (முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுப்பவர்) ஸ்டீவ் ஹட்சின்சனுக்கு ஏழு ஆண்டு, 4.9 கோடி ஆஃபர் கொடுத்தது. அவருக்கு இருந்தது டெண்டர் இல்லை, அணி வீரரைத் தக்கவைக்கப் போடும் ட்ரான்ஸிஷன் டேக் என்ற வேறொரு முறை. ஆனால் மேட்ச் செய்யும் உரிமை இரண்டிலும் ஒன்றே. அணியில் அவரைவிட அதிகம் வாங்கும் லைன்மேன் இருந்தால் முழுத் தொகையும் உத்தரவாதம் என்று ஒரு வரி. சியாட்டிலில் வால்டர் ஜோன்ஸ் இருந்ததால் அந்த வரி சியாட்டிலை மட்டும் கடித்தது. சியாட்டில் சும்மா இருக்கவில்லை. வைக்கிங்ஸின் ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட் நேட் பர்ல்சனுக்கு அதே ஏழு ஆண்டு, அதே 4.9 கோடி. ஒரு சீசனில் மினசோட்டா மண்ணில் ஐந்து ஆட்டம் ஆடினால் முழுத் தொகையும் உத்தரவாதம். வைக்கிங்ஸுக்குக் கிடைத்தது மூன்றாம் சுற்று வாய்ப்பு மட்டும். அணிகளும் வீரர் சங்கமும் போட்ட 2011 கூட்டு ஒப்பந்தத்தில் இந்த வகை வரிகளைத் தடை செய்தது நல்ல முடிவு. இரண்டு அணிகளுக்கும் சமமாகப் பொருந்தாத நிபந்தனையை மேட்ச் செய் என்பது உரிமையே அல்ல.

மூன்றாம் முறை

2022-இல் பில்ஸ் மீண்டும் அதே இடத்தில் நின்றது. டிராஃப்டில் எடுக்கப்படாத லைன்மேன் ரையன் பேட்ஸுக்கு முன்னுரிமை டெண்டர், 24.33 லட்சம். பேர்ஸ் நான்கு ஆண்டுக்கு 1.7 கோடி ஆஃபர் கொடுத்தது. ஈடு எதுவும் இல்லை என்பது இந்த முறை பில்ஸுக்கு நன்றாகவே தெரியும். மேட்ச் செய்தார்கள். 2023-இல் அவர் ஆட்டத்தைத் தொடங்கும் அணியில் தன் இடத்தை இழந்தார். 2024 மார்ச்சில் பேர்ஸ் அவரை வாங்கிக்கொண்டது, ஐந்தாம் சுற்று வாய்ப்பு ஒன்றைக் கொடுத்து. இரண்டு ஆண்டு முன்பு பில்ஸ் தலையசைக்காமல் இருந்திருந்தால், ஒரு டிராஃப்ட் வாய்ப்பும் தராமலேயே அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஆள்.