ஜிம்லெட், பெகு கிளப், பால் பஞ்ச்: பழைய புத்தகக் கலவைகளில் பெரம்பூருக்கு எது சரிப்படும்?

பழைய சமையல் புத்தகங்களும், மதுக் கம்பெனிகள் விளம்பரத்துக்காக அச்சடித்த சின்னக் கையேடுகளும் படிக்கச் சுவையானவை. சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் துழாவினால், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றிரண்டு சிக்கும். இல்லாவிட்டால் இணையத்தில் ஸ்கேன் பிரதிகள் கொட்டிக் கிடக்கின்றன. கலக்க உட்காரும்போதுதான் சிக்கல். அவர்கள் எழுதியது லண்டன் ஓட்டல் பாருக்கு. பெரம்பூர் மொட்டைமாடியில் நம் கையில் இருப்பது டாஸ்மாக் சரக்கு, ஆவின் பால், மார்க்கெட் எலுமிச்சை. இவற்றை வைத்துக்கொண்டு எது தேறும் என்பதுதான் கேள்வி. பேர்பெற்ற மூன்று கலவைகளைப் பார்ப்போம், குடிக்காதவர்களுக்கு நான்காவதாக ஒன்று. (21 வயது ஆகாதவர்கள் நேராக நான்காவதுக்குப் போய்விடலாம்.)

முதலில் அளவு. ‘ஜில்’ என்று போட்டிருந்தால் அது எந்த நாட்டுப் புத்தகம் என்று முன்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பிரிட்டிஷ் ஜில் 142 மில்லி, அமெரிக்க ஜில் 118. ‘வைன் கிளாஸ்’ என்றால் 2 அவுன்ஸ், அதாவது நம்மூர் லார்ஜ், சுமார் 60 மில்லி.

ஜிம்லெட்தான் இருப்பதிலேயே சுலபம். லண்டன் சவாய் ஓட்டல் பார்மேன் ஹாரி க்ராடாக் தொகுத்து 1930-இல் வந்த சவாய் காக்டெயில் புத்தகத்தில் அதற்கு இரண்டே பொருள்: பிளிமத் ஜின் பாதி, ரோஸஸ் லைம் கார்டியல் (தித்திப்பான எலுமிச்சைப் பாகு) பாதி. ஐஸ்கூடக் கட்டாயமில்லை. செய்முறைக்குள்ளேயே இரண்டு சரக்கின் பெயரும் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். அந்தக் காலக் குறிப்புகளில் பாதி விளம்பரம்தான். எலுமிச்சைச் சாற்றைச் சாராயம் சேர்க்காமலே கெடாமல் வைக்கும் முறைக்கு லாக்லன் ரோஸ் காப்புரிமை வாங்கியது 1867-இல், கப்பல் மாலுமிகளை மனதில் வைத்து. இங்கே கார்டியலை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்: தோல் துருவலைச் சர்க்கரையில் பிசறி ஒரு ராத்திரி வைத்து, காலையில் சாறு ஊற்றிக் கரைத்து வடிகட்டினால் முடிந்தது. சரிபாதி கலந்தால் சர்பத் மாதிரி தித்திக்கும். ஜின் இரண்டு பங்கு, கார்டியல் ஒரு பங்கு போதும். ஒரே குறை, மட்டமான ஜின் ஒளிந்துகொள்ள இதில் இடமே இல்லை.

பெகு கிளப் மீது எனக்குத் தனிப் பிரியம். ரங்கூனில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று இருந்த கிளப்பின் பானம் அது. அந்த ஊரிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்கள் வியாசர்பாடியிலும் பாரிமுனை பக்கமும் பிழைப்பு தேடிக்கொண்டார்கள். செகண்ட் லைன் பீச்சில் இன்றும் பர்மிய நூடுல்ஸான அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் சுடச்சுடக் கிடைக்கிறது. அந்த கிளப்பின் பானத்தையும் இந்த நடைபாதை அத்தோவையும் ஒரே மேசையில் வைக்கலாம் என்பது நல்ல ஆசைதான். ஆனால் பட்டியலைப் பாருங்கள்: ஜின் மூன்றில் இரண்டு பங்கு, கூராசோ என்ற ஆரஞ்சுத் தோல் மது மூன்றில் ஒரு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், அங்கொஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு சில சொட்டு, ஆரஞ்சு பிட்டர்ஸ் சில சொட்டு. இதில் மூன்று பொருளை டாஸ்மாக்கின் எலைட் கடையில் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒரு டீஸ்பூன் சாறு வைத்துக்கொண்டு கூராசோவின் தித்திப்பை அடக்கவும் முடியாது. குறைந்தது மூன்று டீஸ்பூன் வேண்டும். குலுக்க நிறைய ஐஸும் வேண்டும். காசிமேட்டில் மீனுக்கு உடைக்கும் ஐஸ் பார் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைத் தூக்கி வந்துவிடாதீர்கள், குடிதண்ணீரில் செய்ததல்ல. செலவு, அலைச்சல் இரண்டிலும் இதுதான் கடைசி.

பால் பஞ்ச் என்றதும் முகம் சுளிப்பார்கள். பிராந்தியில் பாலா? ஆனால் இந்த மூன்றில் நம் நிலவரத்துக்கே எழுதி வைத்தது போல இருப்பது இதுதான். பெஞ்சமின் பிராங்க்ளின் 1763-இல் ஒரு நண்பருக்கு எழுதியனுப்பிய குறிப்பு இன்றும் இருக்கிறது: 6 குவார்ட் பிராந்தி, 44 எலுமிச்சையின் தோல், 2 குவார்ட் சாறு, 4 குவார்ட் தண்ணீர், 2 பவுண்டு சர்க்கரை, 4 ஜாதிக்காய், 3 குவார்ட் பால். (குவார்ட் என்பது நம் குவார்ட்டர் அல்ல, கிட்டத்தட்ட ஒரு லிட்டர்.) கல்யாண வீட்டுக் கணக்கு. இதை ஓர் ஆஃப் பாட்டிலுக்கு, அதாவது 375 மில்லிக்குச் சுருக்கினால் சாறு 125 மில்லி, தண்ணீர் 250, பால் 190, சர்க்கரை 60 கிராம், ஜாதிக்காய் கால் துண்டு வரும். 125 மில்லி சாற்றுக்கு நம் சின்னப் பழம் ஏழெட்டாவது பிழிய வேண்டும். அது அவர் ஊர் லெமனைவிடக் கடும் புளிப்பு. ஆகவே சர்க்கரையை 90, 100 வரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் பகுதி சேராமல் தோலைச் சீவி பிராந்தியில் ஒரு நாள் ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். அந்தப் பிராந்தியில் சாறு, சர்க்கரை, தண்ணீர், ஜாதிக்காய் கலந்து, அதன்மேல் கொதிக்கக் கொதிக்கப் பாலை ஊற்றினால் உடனே திரியும். இரண்டு மணி நேரம் தொடாமல் வைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். முதலில் இறங்குவது கலங்கலாகத்தான் இருக்கும். துணியைப் பிழியாமல், அந்தக் கலங்கலையே மறுபடி திரிந்த பாலின் மேல் மெதுவாக ஊற்றினால், படிந்திருக்கும் பால்கட்டியே வடிகட்டியாகிவிடும். அப்புறம் சொட்டுவது கண்ணாடி மாதிரி தெளிவு, வெளிர் பொன்னிறம்.

நம்மூர் பிராந்தியில் பெரும்பாலும் திராட்சை கிடையாது, கரும்புச் சக்கைப்பாகிலிருந்து காய்ச்சிய சாராயத்துக்கு நிறமும் வாசனையும் ஏற்றியது. தொண்டையைக் கரிக்கும் அந்தக் குணத்தைத்தான் பால் மழுங்கடிக்கிறது. பாலிலுள்ள கேசின் என்ற புரதம் கட்டியாகும்போது துவர்ப்பையும் கசப்பையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது, தங்கிவிடும் மோர்ப் புரதம் வழுவழுப்பைத் தருகிறது. நல்ல கோன்யாக்கை (பிரெஞ்சு திராட்சை பிராந்தி) இதற்கு வீணடிப்பது பாவம். பால் மாதவரத்துக்காரர்களுக்குப் பழகிய ஆவின்தான்; 3 சதவீதக் கொழுப்புள்ள நீல பாக்கெட்டிலும் வரும், 6 சதவீத ஆரஞ்சில் கட்டி நன்றாகப் படியும். வடிகட்டிய பஞ்ச் ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் கெடாது. வாயில் எலுமிச்சை ஷர்பத்து போலத்தான் இருக்கும், ஆனால் 16 சதவீதம் அளவுக்குச் சாராயம். ஐஸ் போடாமல் சின்ன டம்ளரில் கொடுங்கள்.

கடைசியாக இஞ்சி ஒயின். பெயர்தான் ஒயின், ஈஸ்ட் கிடையாது, புளிக்க வைப்பதும் இல்லை. பெரம்பூர் ரயில்வே ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்கு கேக்கும் குல்குலும் வைக்கும்போது கூட வரும். இஞ்சி, பட்டை, கிராம்பு, இரண்டு காய்ந்த மிளகாய் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டு, சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்து வடிகட்டுவது. நிறத்துக்குக் கொஞ்சம் கருக்கிய சர்க்கரை. எல்லாமே மளிகைக் கடையில் கிடைக்கும் என்பதால் மற்ற மூன்றையும் இது சுலபமாகத் தோற்கடிக்கிறது. குடிக்கும்போது தண்ணீரோ சோடாவோ கலந்துகொள்ள வேண்டும்.

ஒன்று மட்டும்: கருக்கிய சர்க்கரையைக் குறைத்துவிட்டால் இஞ்சி ஒயினும் பால் பஞ்சும் பாட்டிலில் ஒரே நிறமாக நிற்கும். சீட்டு ஒட்டாமல் இரண்டையும் ஒரே ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.