யாஷிகா மேட் 124ஜி: ஆறு ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு

கடையை மூடிக்கொண்டிருந்த ஒரு ஸ்டூடியோக்காரரிடம் திருச்சியில் இந்தக் கேமராவை வாங்கினேன். பல ஊர்க் கல்யாணங்களைப் பார்த்த கேமரா. தோள்பட்டை வார் ஒரு பக்கம் அவருடைய வியர்வையில் கறுத்துப்போயிருந்தது. கையில் கொடுப்பதற்கு முன் ஒரு நொடி வேகத்தில் ஷட்டரை ஓடவிட்டு, "சத்தம் இழுக்காமல் வருகிறதா, கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி" என்றார். பழைய கேமரா வாங்கும் எவருக்கும் நான் இன்றும் சொல்லும் முதல் சோதனை அதுதான்.

ஜப்பானில் 1970 முதல் 1986 வரை தயாரான இரட்டை லென்ஸ் கேமரா இது. மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு. கீழே இருக்கும் 80 மில்லிமீட்டர் எஃப் 3.5 யாஷினான் லென்ஸ்தான் படம் எடுக்கிறது (எஃப் எண் லென்ஸ் துளையின் அளவைச் சொல்வது). 120 என்ற அகலமான பிலிம் ரோல் ஒன்றில் பன்னிரண்டு சதுரப் படங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 56 மில்லிமீட்டர் அகலம், அதே உயரம். 35 மில்லிமீட்டர் பிலிமின் கட்டத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேலான பரப்பு. இந்த வேறுபாடு கணக்கில் புரிவதைவிட, ஈரம் சொட்டும் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்போது நன்றாகப் புரியும்.

போன பொங்கலுக்கு அப்பத்தாவை எடுத்தேன். கேமராவை முகத்துக்கு நேரே தூக்கினாலே முந்தானையை இழுத்து மூடிக்கொள்பவர். இதில் கேமரா வயிற்றோடு ஒட்டியிருக்கிறது. நான் குனிந்து கண்ணாடித் திரையைப் பார்க்கிறேன். ஏதோ பழுது பார்க்கிறான் என்று நினைத்து மொச்சை உரித்துக்கொண்டே பேசினார். திரையில் இடம் வலமாகத் தெரிவதால் அவர் அசையும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவேன். இதற்குக் கை பழக எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. திண்ணை வெளிச்சத்தில் எஃப் 4, அறுபதில் ஒரு பங்கு நொடி. லென்ஸுக்குள்ளேயே மெல்லிய தகடுகள் திறந்து மூடும் இலை ஷட்டர் என்பதால் சின்னச் சொடக்குதான் கேட்கும். அவருக்கு அதுவும் கேட்கவில்லை. அந்த நெகட்டிவில் மொச்சைத் தோலின் நார் தனித்தனியாகத் தெரிகிறது. ஒரு மீட்டர் தூரத்தில் கண்ணைக் கூர்மையாக வைத்தால் காது மங்கத் தொடங்கிவிடும். இந்த மங்கல் மென்மையானது. முகத்தைச் சுற்றி ஒரு அமைதியை உண்டாக்குகிறது.

உள்ளே இருக்கும் ஒளிமானியை நம்ப வேண்டாம். 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டது அது. அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியைப் போட்டால் அளவு தவறும், மின்னழுத்தம் குறையக் குறைய இன்னும் மாறும். காதுகேள் கருவிக் கடையில் கிடைக்கும் 675 எண் துத்தநாகக் காற்று பேட்டரி 1.4 வோல்ட் தருகிறது. சிறியது என்பதால் ரப்பர் வளையம் ஒன்றைச் சுற்றி உட்கார வைத்தேன். சில வாரங்களில் தீர்ந்துவிடுகிறது. கடைசியில் கையில் தனி ஒளிமானி எடுத்துக்கொண்டு போவதே வழக்கமாகிவிட்டது. எதிர்வெயிலில் படம் வெளுத்துப்போகும் என்பதையும் சொல்ல வேண்டும். லென்ஸுக்கு மறைப்பு வளையம் இல்லாமல் நான் வெளியே இறங்குவதில்லை.

பிலிம் கழுவுவதை வீட்டிலேயே செய்கிறேன். ஒரு முறை வெளியே கொடுத்தேன். மூன்று கட்டங்களில் கட்டைவிரல் ரேகையோடு திரும்பி வந்தது. அன்றோடு சரி. எங்கள் ஊரில் மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீர் 34 டிகிரியைத் தொடும். படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டி-76 டெவலப்பரில் சரிபாதி தண்ணீர் கலந்தால், எச்பி5 கறுப்பு வெள்ளை பிலிமுக்கு 20 டிகிரியில் 11 நிமிடம். ஆகவே ஐஸ் போட்ட வாளியில் டெவலப்பர் பாட்டில், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ பாட்டில், பிலிம் கழுவும் டேங்க் எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்திவைக்கிறேன். டேங்கை வாளிக்கு வெளியே வைத்தால் 11 நிமிடத்துக்குள் மூன்று டிகிரி ஏறிவிடுகிறது.

ஐஸைவிடத் தொல்லை கொடுப்பது வியர்வை. வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கைவிட்டு, பிலிமோடு சுற்றியிருக்கும் பின்தாளைப் பிரித்து, பிலிமைப் பிளாஸ்டிக் சுருளில் ஏற்றும்போது விரல் ஈரம் பட்டால் பாதியில் ஒட்டிக்கொள்ளும். 120 பிலிம் அகலமானது, மெல்லியது; இழுத்தால் பிறை வடிவில் மடிந்து, அந்தத் தடம் படத்திலேயே பதிந்துவிடும். இப்போது இரவு பதினொரு மணிக்கு மேல், மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்து கை உலர்ந்த பிறகுதான் பைக்குள் விடுகிறேன். யாராவது குளித்து முடித்த ஈரமான குளியலறையில் இந்த வேலை வேண்டாம்.

அலசுவதற்கு ஓடும் தண்ணீர் தேவையில்லை. டேங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி பத்து, பிறகு இருபது என்று பிலிம் நிறுவனமான இல்ஃபோர்ட் சொல்லும் முறை கோடைக்கு ஏற்றது. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். வெள்ளைப் பொட்டு விழாமலிருக்கக் கடைசி அலசலுக்குப் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கிவைத்திருக்கிறேன்.

ஸ்கேன் செய்வது தட்டை ஸ்கேனரில். அங்குலத்துக்கு 2400 புள்ளி போதும்; ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 5,300 புள்ளிகள் வருகின்றன. அதற்கு மேல் போனால் என் கண்ணுக்குக் கோப்புதான் பெருக்கிறது, நுணுக்கம் கூடவில்லை. அகச்சிவப்புக் கதிரால் தூசி நீக்கும் வசதி வெள்ளி உப்புக் கறுப்பு வெள்ளை பிலிமில் வேலை செய்யாது, அணைத்துவிடுங்கள். மென்தூரிகையால் தட்டிவிடுவதே வழி. மூன்று மூன்று கட்டமாக வெட்டி, கனமான அகராதிக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் சுருள் அடங்கும்.

கடைசியாக வாங்கிய ரோலுக்கு 900 ரூபாய் கொடுத்தேன். மருந்துச் செலவைச் சேர்க்காமலேயே ஒரு படத்துக்கு 75 ரூபாய். கல்யாணத்தில் எல்லாரையும் எடுக்க நினைப்பவர் இதை வாங்க வேண்டாம். ஒரு ஆளோடு ஒரு மாலை உட்காரப் பொறுமை உள்ளவர் தாராளமாக வாங்கலாம். டார்ச் அடித்து லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். பிலிமை நகர்த்தச் சுழற்றும் கைப்பிடி முன்னே போய்ப் பின்னே திரும்பும்போது எங்கும் சிக்கக் கூடாது. ஒரு நொடி வேகத்தில் சத்தம் இழுக்கிறதா என்று கேளுங்கள்.

அப்பத்தா ரோலில் இன்னும் இரண்டு கட்டம் பிரிண்ட் போட வேண்டியிருக்கிறது. பத்து அங்குலச் சதுரமாகப் போட்டு, சித்திரையில் ஊருக்குப் போகும்போது அவர் கையில் கொடுக்கப்போகிறேன்.