பந்து சரியும் முன்னே: இடுப்பு ஏவிஎன்னுக்கு எலும்பு ஒட்டா, வேறு வழியா?

இடுப்பில் ஏவிஎன், அதாவது ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போகும் நோய், என்று தெரிந்ததும் பலரும் முதலில் கேட்பது, "மூட்டை மாற்றியே ஆக வேண்டுமா?" என்பதுதான். தொடை எலும்பின் பந்து இன்னும் உருண்டையாக இருக்கிறதா, சரிந்துவிட்டதா என்பதில்தான் பதில் இருக்கிறது. ஸ்டீராய்டு, மது, எலும்பு முறிவு என்று காரணம் எதுவானாலும், ரத்தம் போகாத பகுதி செத்துப்போகிறது. பாதிப்பு பெரிதாக இருந்தால் எடை தாங்கத் தாங்க நொறுங்குகிறது. எக்ஸ்ரேயில் குருத்தெலும்புக்கு அடியில் பிறை போன்ற கோடு தெரிந்தால் நொறுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். எம்ஆர்ஐ அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆரம்ப நிலையில் எளிய வழி கோர் டிகம்ப்ரஷன். பந்துக்குள் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைக்கிறார்கள். சிறிய அறுவை, வலியும் குறையும். ஆனால் செத்த எலும்பு இருந்த இடத்தில் மேலே உள்ள குருத்தெலும்பைத் தாங்க எதுவும் வைக்கப்படுவதில்லை. பாதிப்பு சிறிதாக இருந்தால் இது போதும். பெரிதாக இருந்தால் இதை மட்டும் நம்ப எனக்கு மனம் வராது.

அந்தக் குறையைத்தான் எலும்பு ஒட்டு நிரப்புகிறது. செத்த பகுதியைச் சுரண்டியெடுத்து, இடுப்பெலும்பிலிருந்தோ காலிலிருந்தோ எடுத்த எலும்பை அங்கே வைக்கிறார்கள். துளை வழியாக வைக்கலாம், பந்தும் அதற்குக் கீழே உள்ள எலும்புக் கழுத்தும் சேரும் இடத்தில் ஜன்னல் திறந்தும் வைக்கலாம். ரத்தக்குழாய் இல்லாத ஒட்டு என்றால், உடல் அதை மெல்ல மெல்லத்தான் தன்னுடையதாக்கிக்கொள்ளும். அதுவரை அது வெறும் தாங்குகட்டைதான்.

ரத்தக்குழாயோடு எடுத்த ஃபிபுலா ஒட்டு அப்படியல்ல. கீழ்க்காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பை அதன் தமனி, சிரையோடு எடுத்து, இடுப்பருகே உள்ள குழாய்களோடு மைக்ரோஸ்கோப் வைத்துத் தைக்கிறார்கள். தாங்கலும் கிடைக்கிறது, உயிருள்ள எலும்பும் கிடைக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் அர்பனியாக் குழு 1995இல் வெளியிட்ட ஆய்வில் 103 இடுப்புகளில் 31-க்குத்தான் பிறகு மூட்டு மாற்று தேவைப்பட்டது. ஏற்கெனவே சரிந்திருந்த பந்துகளும் அதில் உண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

விலையும் உண்டு. நீண்ட நேர அறுவை, பல மாதம் ஊன்றுகோல், எலும்பு எடுத்த காலில் கணுக்கால் வலி, சிலருக்குக் கால் கட்டைவிரல் மடங்கிப்போவது. நுண்குழாய்த் தையலில் நல்ல பழக்கமுள்ள குழு இல்லாத இடத்தில் இதைச் செய்துகொள்ள வேண்டாம் என்பேன். அது இருந்தால், பந்து சரியாத இளம் வயதுக்காரருக்கு, பாதிப்பு நடுத்தரமோ பெரிதோ என்றால், என் தேர்வு இதுதான்.

பந்து தட்டையாகி, அது உட்காரும் குழிப்பக்கமும் தேய்ந்துவிட்டதா? சரி, அப்போது ஒட்டுக்காக அலைய வேண்டாம். மூட்டு மாற்று வலியைத் தெளிவாகவே தீர்க்கும். இன்றைய செயற்கை இடுப்புகளில் பாதிக்கு மேல் 25 ஆண்டு நிற்கின்றன. ஆனால் 30 வயதில் பொருத்தினால் இன்னொரு அறுவைக்கும் வாய்ப்பு அதிகம்.

அப்புறம், எம்ஆர்ஐ எடுக்கும்போது வலியில்லாத இடுப்பையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள். இந்த நோய் பலருக்கு இரண்டு பக்கமும் வரும். ஒரு பக்கம் மாற்ற வேண்டிய நிலைக்குப் போயிருந்தாலும், மறுபக்கப் பந்து இன்னும் காப்பாற்றக்கூடியதாக இருக்கலாம்.